ஸ்டாட்டிக் தளத்தை ஏற்றச் சொந்தமாக ஒரு கட்டளைவரிக் கருவி எழுதலாமா?

நீலகிரியின் குந்தா வட்டத்தில் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. தளம், எழுதிய உரையை ஆயத்தப் பக்கங்கள் கொண்ட ஸ்டாட்டிக் தளமாக மாற்றித் தரும் ஹ்யூகோ என்ற கருவியில் கட்டப்பட்டது; சிறிய லினக்ஸ் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறையாவது பச்சைத் தேயிலை விலையும், இலை எடுக்க வண்டி வரும் நேரமும், உரம் பற்றிய அறிவிப்பும் மாறுகின்றன. ஒவ்வொரு முறையும் கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் ஃபைல்ஜில்லா என்ற நிரலைத் திறந்து முழுக் கோப்புறையையும் இழுத்துப் போடுகிறார். நடுவில் இணைப்பு அறுந்தால் பாதித் தளம் புதியதாகவும் பாதி பழையதாகவும் நிற்கிறது. இதற்கென்று சொந்தமாக ஒரு கட்டளைவரிக் கருவி (கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்டும் நிரல்) எழுதலாமா, எழுதினால் எந்த மொழியில், எங்கிருந்து தொடங்குவது என்பதே அவர் கேள்வி.

எழுதலாம். ஆனால் தளத்தைக் கட்டும் வேலையைத் தொடாமல், கட்டியதை ஏற்றும் வேலைக்கு மட்டும் எழுதுங்கள். சொந்தக் கருவி என்றதும் பலர் மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதிய உரையை உலாவி படிக்கும் எச்டிஎம்எல் ஆக்குவதிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அந்த வேலையை 2008இல் வந்த ஜெகிலும் 2013இல் வந்த ஹ்யூகோவும் ஆண்டுக்கணக்காக அடிபட்டுத் தேறிச் செய்துகொண்டிருக்கின்றன. கோத்தகிரியில் வெளியே போக முடியாத ஒரு மழைக்காலத்தில் நானும் அந்த ஆசையில் இறங்கினேன். அட்டவணைகள் வந்தன, அடிக்குறிப்புகள் கடைசிவரை சரியாக வரவில்லை, கைவிட்டேன். ஏற்றும் வேலை அப்படியல்ல. அது ஒவ்வொருவர் சர்வருக்கும், இணைப்புக்கும், உடன் வேலை செய்பவர்களுக்கும் ஏற்ப மாறுகிறது. பொதுக் கருவி எதுவும் உங்கள் நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்காது. ஹ்யூகோவிலேயே டிப்ளாய் என்றொரு கட்டளை உண்டு என்றாலும், அது அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்றவற்றின் மேகச் சேமிப்பகங்களுக்கானது. உங்களைப் போல் தனி லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அது உதவாது.

நம் மலையில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் இறங்கும்போதும், வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் சரிவுகளில் அடிக்கும்போதும், மரம் விழுந்து மின்கம்பி அறுவது நாம் எதிர்பார்த்தே இருக்கும் காரியம். மின்சாரம் போனால் சற்று நேரத்தில் செல்போன் கோபுரமும் தளர்ந்துவிடும். ஆகவே இணைப்பு அறுவதை எப்போதாவது நேரும் விபத்தாக எண்ணாமல், வழக்கமாக நடப்பதாகவே வைத்துக்கொண்டு கருவியை வடிவமைக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: எந்த நொடியில் அறுந்தாலும், தளத்தைத் திறப்பவருக்குத் தெரிவது முழுமையான பழைய தளமாகவோ முழுமையான புதிய தளமாகவோ இருக்க வேண்டும்; இரண்டும் கலந்தது ஒருபோதும் தெரியக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றும் வழிதான்.

இப்போது நீங்கள் செய்வது ஏன் உடைகிறது என்று முதலில் பார்ப்போம். ஃபைல்ஜில்லா கோப்புகளை ஒவ்வொன்றாக, வாசகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கோப்புறையிலேயே எழுதுகிறது. முகப்புப் பக்கம் புதியதாகிவிட்டது, அது கேட்கும் புதிய சிஎஸ்எஸ் கோப்பு இன்னும் வரிசையில் நிற்கிறது என்ற நிலையில் இணைப்பு அறுந்தால், அலங்காரம் எல்லாம் கலைந்த பக்கம்தான் மறுநாள் காலைவரை தெரியும். பெரிய கோப்பு ஒன்று பாதி எழுதப்பட்ட நிலையில் அறுந்தால் இன்னும் மோசம். விலை அட்டவணை நடுவரிசையில் முடிந்துபோய், அதன் பிறகு எதுவுமே இல்லாமல் கிடக்கும்.

மாற்று வழி எளியது. சர்வரில் வெளியீடுகள் என்று ஒரு கோப்புறை இருக்கட்டும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அதற்குள் தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட புதுக் கோப்புறை ஒன்றில் முழுத் தளமும் போய்ச் சேர வேண்டும். வாசகருக்குக் காட்டப்படுவது 'நடப்பு' என்ற பெயருள்ள ஒரு குறியீட்டு இணைப்பு, அதாவது ஏதோ ஒரு வெளியீட்டுக் கோப்புறையைச் சுட்டும் கைகாட்டி மட்டுமே. பக்கங்களை வாசகருக்குப் பரிமாறும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் அமைப்பில் தளத்தின் வேர்க் கோப்புறையாக அந்தக் கைகாட்டியைக் கொடுத்துவிட்டால் போதும். புதுக் கோப்புறை முழுவதும் வந்து சேர்ந்த பிறகுதான் கைகாட்டி திரும்பும். அதற்கு முன் எத்தனை முறை அறுந்தாலும் வாசகருக்கு ஒன்றும் தெரியாது.

கைகாட்டியைத் திருப்புவதில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. பலரும் இணைப்பை உருவாக்கும் கட்டளைக்கே 'இருந்தால் மேலெழுது' என்ற தெரிவை (ஆப்ஷனை) கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அது எல்லாக் கணினியிலும் ஒரே அசைவில் நடப்பதில்லை; சிலவற்றில் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதியதை உருவாக்குகிறது, அந்த இடைவெளியில் வரும் வாசகருக்குத் தளமே இல்லை. சரியான முறை, 'நடப்பு-புதிது' என்ற வேறொரு பெயரில் இணைப்பை உருவாக்கி, பிறகு அதை 'நடப்பு' என்று பெயர் மாற்றுவது. பெயர் மாற்றம் யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் பிரிக்க முடியாத ஒற்றைச் செயல்; நடக்கும், அல்லது நடக்காது. ஆனால் பெயர் மாற்றும் கட்டளை, இலக்கு ஒரு கோப்புறையைச் சுட்டுகிறது என்று கண்டால் புதிய இணைப்பை அந்தக் கோப்புறைக்குள் தூக்கிப் போட்டுவிடும். லினக்ஸில் அதைத் தடுக்க, பெரிய எழுத்து 'டி' தெரிவைச் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு, கைகாட்டி ஏன் திரும்பவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒவ்வொரு முறையும் முழுத் தளத்தையும் புதுக் கோப்புறைக்கு அனுப்பினால் நம் இணைப்புக்குக் கட்டுப்படியாகாதே என்று நீங்கள் கேட்பீர்கள். அனுப்ப வேண்டியதில்லை. ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மெக்கெராஸும் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. அதன் 'லிங்க்-டெஸ்ட்' தெரிவுக்கு முந்தைய வெளியீட்டுக் கோப்புறையைக் காட்டினால், மாறாத கோப்புகளை மீண்டும் அனுப்பாமல், சர்வருக்குள்ளேயே பழைய கோப்பைப் புதுக் கோப்புறையிலும் வன்னிணைப்பாக, அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயராக, பதிந்துவிடும். இரண்டு கோப்புறைகளும் தனித்தனியே முழுமையாகத் தோன்றும். வட்டில் இடம் பிடிப்பது மாறிய கோப்புகள் மட்டுமே. நீங்கள் எழுதப்போகும் கருவியின் உள்ளே வேலை செய்யப்போவது இந்த ஆர்சிங்க்தான். உங்கள் கருவி அதைச் சரியான வரிசையில், சரியான தெரிவுகளோடு கூப்பிடும் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெரிவுகளில் மூன்று இடங்களில் கால் வழுக்கும். முதலாவது, ஆர்சிங்க் இயல்பாக ஒரு கோப்பு மாறியதா என்பதை அதன் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் கொண்டே தீர்மானிக்கிறது. ஸ்டாட்டிக் தளக் கருவிகளோ ஒவ்வொரு முறை கட்டும்போதும் எல்லாப் பக்கங்களையும் புதிதாக எழுதுகின்றன. ஒரு எழுத்துக்கூட மாறாத பக்கத்துக்கும் நேரம் புதியதாகிவிடும். ஆகவே 'செக்சம்' தெரிவைக் கொடுத்து, உள்ளடக்கத்தையே ஒப்பிடச் செய்ய வேண்டும். இரண்டாவது, நேரத்தைக் காக்கும் தெரிவைக் கொடுக்கக் கூடாது. எல்லோரும் பழக்கத்தில் போடும் 'ஏ' தெரிவுக்குள் அதுவும் ஒளிந்திருக்கிறது. காக்கச் சொன்ன பண்புகள் அனைத்தும் ஒத்திருந்தால்தான் ஆர்சிங்க் வன்னிணைப்பு போடும். உள்ளடக்கம் ஒன்றாக இருந்தும் நேரம் வேறாக இருந்தால் தனிப் பிரதி எடுத்துவிடும். மூன்றாவதுதான் ஆபத்தானது: 'இன்ப்ளேஸ்' தெரிவை ஒருபோதும் சேர்க்காதீர்கள். சாதாரணமாக ஆர்சிங்க் புதுக் கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் இடம் மாற்றும். அதனால் பழைய வெளியீட்டுக்கு ஒன்றும் ஆகாது. இன்ப்ளேஸ் கொடுத்தாலோ இருக்கும் கோப்பின் மீதே எழுதும். வன்னிணைப்பில் இரண்டு வெளியீடுகளும் பங்கிடுவது ஒரே கோப்பை என்பதால், புதியதைத் திருத்தும்போது பழையதும் கெட்டுப்போகும்.

நேரத்தைக் காக்காமல் விடுவதால் இன்னொரு ஆதாயமும் உண்டு. என்ஜின்எக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தரும் ஈடேக் என்ற அடையாளத்தை, கோப்பின் திருத்த நேரத்தையும் அளவையும் சேர்த்துத்தான் ஆக்குகிறது. வன்னிணைப்பாக வந்த கோப்பு பழைய நேரத்தையே வைத்திருக்கும். ஆகவே அதன் அடையாளமும் மாறாது. ஏற்கெனவே அந்தப் பக்கத்தைப் பார்த்த செல்போன் மீண்டும் கேட்கும்போது, சர்வர் 304, அதாவது 'மாறவில்லை', என்று மட்டும் பதில் சொல்லும். கோப்பு மறுபடி இறங்காது. தேயிலைக் காட்டின் ஓரத்தில், ஒற்றைக் கோடு சிக்னலில் விலை பார்க்கும் ஒருவருக்குத் தமிழ் எழுத்துருக் கோப்பு மறுபடி இறங்காமல் இருப்பது சிறிய உதவி அல்ல. ஃபைல்ஜில்லாவில் எல்லாவற்றையும் இழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பை நீங்கள் வீணாக்கிக்கொண்டிருந்தீர்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு சிறு சந்து மிச்சம் இருக்கிறது. ஒருவர் பழைய பக்கத்தைத் திறந்த மறுநொடி கைகாட்டி திரும்பினால், அந்தப் பக்கம் கேட்கும் பழைய சிஎஸ்எஸ் கோப்பு புதிய வெளியீட்டில் இல்லாமல் போகலாம். சிஎஸ்எஸ், எழுத்துரு, படம் ஆகியவற்றின் பெயரிலேயே அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ-256 கைரேகையைச் சேர்க்கும் வசதி ஹ்யூகோவில் உண்டு. அப்படிப் பெயரிட்ட கோப்புகளை வெளியீடுகளுக்கு வெளியே ஒரு பொதுக் கோப்புறையில் முதலில் ஏற்றிவிட்டு, மாதம் ஒரு முறை மட்டும் பழையதைக் களையுங்கள். உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறிவிடும் என்பதால், இவற்றை 31536000 நொடிகள், அதாவது ஓராண்டு, சேமித்து வைக்கலாம் என்று உலாவிக்குச் சொல்லிவிடலாம். எச்டிஎம்எல் பக்கங்களுக்கு மட்டும் 'நோ-கேஷ்' என்று சொல்லுங்கள். பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். 'சேமிக்காதே' என்பது அதன் பொருள் அல்ல, 'சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுக் காட்டு' என்பதே பொருள்.

இனி கருவியின் முகத்துக்கு வருகிறேன். என்னுடையதற்குச் 'சுமை' என்று பெயர் வைத்திருக்கிறேன். அதற்கு மூன்று துணைக் கட்டளைகள்: பார், ஏற்று, திருப்பு. எட்டுப் பத்து துணைக் கட்டளைகளோடு தொடங்கி, இரண்டு ஆண்டுகளில் மூன்றாகக் குறைத்தேன். 'சுமை பார்' என்று அடித்தால் எதையும் அனுப்பாமல், என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லும்: "புதியது 2, மாறியது 5, நீங்குவது 0, மாறாதது 391, அனுப்ப வேண்டியது 184 கிலோபைட்." இலை எடைபோடும் இடத்தில் மூட்டைக் கணக்கைச் சீட்டில் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுவது போலத்தான் இது. இந்த ஒரு வரியைப் பார்த்துப் பழகிவிட்டால், விலையை மட்டும் திருத்திய நாளில் 'மாறியது 398' என்று வந்தால் உடனே கை நின்றுவிடும். பக்கங்களுக்குப் பொதுவான அச்சான ஏதோ வார்ப்புருவில் தேதி தவறாக நுழைந்திருக்கிறது என்று புரிந்துவிடும். 'திருப்பு' கைகாட்டியை முந்தைய வெளியீட்டுக்கு மாற்றும். எதுவும் அனுப்பப்படுவதில்லை என்பதால், இணைப்பு எவ்வளவு மெலிந்திருந்தாலும் அது நடந்துவிடும். கடைசி ஐந்து வெளியீடுகளை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் 'பார்' கட்டளை எனக்கு எப்படித் தோன்றியது என்றால், ஒருமுறை தளத்தையே துடைத்து எறிந்ததால்தான். அப்போது என்னிடம் இருந்தது நான்கு வரிப் பாஷ் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்: பழைய கட்டுமானக் கோப்புறையைக் காலி செய், தளத்தைக் கட்டு, ஆர்சிங்கால் ஏற்று, முடிந்தது என்று சொல். வார்ப்புரு ஒன்றில் அடைப்புக்குறி விட்டுப்போனதால் கட்டுமானம் தோற்றது. பாஷ் தோல்வியைப் பார்த்தும் பாராமல் அடுத்த வரிக்குப் போகும் சுபாவம் கொண்டது. காலியான கோப்புறை, 'டெலீட்' தெரிவோடு, சர்வருக்கு ஏறியது. இங்கே இல்லாததெல்லாம் அங்கேயும் அழிந்தது. திரையில் 'முடிந்தது' என்று வந்தது. அன்று குறை சொல்ல என்னைத் தவிர யாரும் இல்லை. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே, எந்தக் கட்டளை தோற்றாலும் நின்றுவிடச் சொல்லும் 'செட் இ' என்ற அமைப்பை எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அது மட்டும் போதாது. ஹ்யூகோவின் டிப்ளாய் கட்டளை, ஒரே முறையில் 256 கோப்புகளுக்கு மேல் அழிக்க வேண்டி வந்தால் எச்சரித்துவிட்டு அழிக்காமல் விடுகிறது. அது நல்ல வழக்கம். உங்கள் கருவியும், நீங்கும் பக்கங்கள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலோ, முகப்புப் பக்கமே இல்லாவிட்டாலோ, ஏற்ற மறுக்க வேண்டும். மீறி ஏற்ற ஒரு தெரிவு இருக்கட்டும். ஆனால் அதன் பெயர் தட்டச்சு செய்யச் சலிப்பூட்டும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும்.

அறுந்த இணைப்பை மீண்டும் தொடுவதற்கு வருவோம். புதுக் கோப்புறைக்குத் தொடக்கத்திலேயே தேதிப் பெயர் வைக்காதீர்கள். 'வரவிருப்பது' என்ற நிலையான பெயரில் அனுப்பிவிட்டு, முழுமையான பிறகு தேதிப் பெயருக்கு மாற்றுங்கள். அப்போதுதான் பாதியில் நின்ற ஏற்றம், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். 'பார்ஷியல்' தெரிவைக் கொடுத்தால் பாதி போன பெரிய படமும் முதலிலிருந்து போக வேண்டியதில்லை. இடையில் தளத்தை மறுபடி கட்டியிருந்தால், இப்போது வேண்டாத கோப்புகள் அந்தக் கோப்புறையில் கிடக்கும் என்பதால் இங்கே 'டெலீட்' தெரிவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அது துடைப்பது இன்னும் யாரும் பார்க்காத கோப்புறையை மட்டுமே.

ஆர்சிங்க் சர்வரை அடையும் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு, மறுமுனை செத்துப்போனதை அறியாமல் நெடுநேரம் வாய்மூடி நிற்கும். 15 நொடிக்கு ஒருமுறை உயிர் இருக்கிறதா என்று கேட்கவும், மூன்று முறை பதில் இல்லாவிட்டால் விட்டுவிடவும் சொல்லுங்கள். 45 நொடியில் உண்மை தெரிந்துவிடும். பிறகு 2, 4, 8, 16 நொடிகள் என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மறுமுயற்சி செய்யட்டும். எல்லாத் தோல்விக்கும் மறுமுயற்சி கூடாது என்பதையும் கவனியுங்கள். ஆர்சிங்க் முடியும்போது தரும் எண் 30 என்றால் நேரம் கடந்துவிட்டது, 12 என்றால் தரவோட்டம் நடுவில் குலைந்தது, 255 என்றால் எஸ்எஸ்எச்சே தோற்றது. இவற்றுக்கு மறுபடி முயலலாம். 23 என்றால் சில கோப்புகளை அனுப்ப முடியவில்லை, பெரும்பாலும் அனுமதிச் சிக்கலாக இருக்கும். நூறு முறை முயன்றாலும் அது அப்படியேதான் இருக்கும், ஆகவே நின்று காரணத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் கருவியும் வெற்றிக்கு 0, தோல்விக்கு வேறு எண் என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்கட்டும். நாளை அதை இன்னொரு ஸ்கிரிப்டுக்குள் வைத்து ஓட்டும்போது அந்த எண் ஒன்றுதான் நடந்ததைச் சொல்லும்.

அடுத்து, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் நீங்கள் பார்க்க முடியாத ஒன்று, தமிழ்ப் பெயர்கள். பக்கத்தின் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும் சிறு நிரலைப் பலரும் பைதானில் எழுதுகிறார்கள். 'சொல்லில் வரும் எழுத்து அல்லாததையெல்லாம் நீக்கு' என்று, ரெஜெக்ஸ் எனப்படும் ஒரு வடிவக் கோவையைப் போடுகிறார்கள். பைதானின் அந்தக் கோவைக்கு உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து அல்ல. கொம்பும் காலும் கொக்கியும் சுழியும் உதிர்ந்து, 'தேயிலை' என்பது 'தயல' ஆகிவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதோடு போகாது. 'விலை' என்பதும் 'வல', 'வேலை' என்பதும் 'வல'. எங்கள் தளத்தில் விலைப் பக்கமும் வேலைப் பக்கமும் ஒரே முகவரிக்கு வந்து, பின்னால் எழுதப்பட்டது முன்னதை விழுங்கியது. காலையில் விலை பார்க்கத் திறந்தவர்களுக்குக் கொழுந்து பறிக்க ஆள் தேவை என்ற அறிவிப்பு வந்தது. கோ என்ற நிரல்மொழியில் எழுதினாலும், எழுத்து வகையை மட்டும் அனுமதித்து ஒட்டுக்குறி வகையை மறந்தால் இதே கதைதான். இரண்டு பக்கங்கள் ஒரே முகவரிக்கு வந்தால் கருவி ஏற்ற மறுக்க வேண்டும் என்பதையும் மேலே சொன்ன தடைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாது. 'கோத்தகிரி' என்ற சொல்லின் முதல் எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால், முதல் வடிவில் கோத்தகிரி 27 பைட், இரண்டாவதில் 30 பைட். லினக்ஸ் சர்வர் பைட்டைத்தான் பார்க்கும். அதற்கு இவை இரு வேறு ஊர்கள். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து ஏறிய கோப்புக்கும், விசைப்பலகையில் சேர்ந்த வடிவில் அடித்த இணைப்புக்கும் பொருந்தாமல் 404, அதாவது 'பக்கம் இல்லை', என்று வரும். கொடைக்கானல், கோடநாடு, தொட்டபெட்டா என்று ஒகர ஓகாரம் வரும் பெயர் எல்லாவற்றுக்கும் இது நேரலாம்; நீலகிரிக்கும் குன்னூருக்கும் நேராது. சில பக்கங்கள் மட்டும் உடையும்போது மூளை குழம்புவது அதனால்தான். கோப்புப் பெயரையும் அதைச் சுட்டும் இணைப்பையும் ஏற்றுவதற்கு முன் சேர்ந்த வடிவுக்கு, யூனிகோட் சொல்லும் என்எஃப்சி வடிவுக்கு, மாற்றிவிடுங்கள். பைதானில் அதற்கு உள்ளமைந்த நூலகம் உண்டு.

என் சொந்தத் தேர்வு, முகவரிகளை ஆங்கில எழுத்திலேயே வைப்பது. தமிழ் முகவரிக்கு எதிரான கொள்கை எதுவும் எனக்கு இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் முகவரியை ஒட்டும்போது, 'விலை' என்ற இரண்டெழுத்துச் சொல் விழுக்காட்டுக் குறியும் (%) எழுத்தும் எண்ணும் கலந்த 36 குறிகளின் சங்கிலியாக நீள்வதைப் பார்த்து, வைரஸ் என்று பயந்து தொடாமல் விட்ட பெரியவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

எந்த மொழி என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல எதுவும் இல்லை. நீங்கள் ஒருவர் மட்டும், லினக்ஸிலோ மேக்கிலோ ஓட்டுவதென்றால் பாஷ் போதும். ஐம்பது வரியைத் தாண்டினால் பைதானுக்கு மாறுங்கள், கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும் ஆர்க்பார்ஸ் அதனுடனேயே வருகிறது. குழுவின் அலுவலகத்தில் உள்ள அக்காவோ அண்ணனோ விண்டோஸ் கணினியில் ஓட்ட வேண்டும் என்றால்தான் யோசிக்க வேண்டும். அங்கே ஆர்சிங்க் இயல்பாக இருக்காது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் நிறுவி அதற்குள் ஓட்டுவது ஒரு வழி. அல்லது கோ மொழியில் எழுதி, எதையும் நிறுவத் தேவையில்லாத ஒற்றைக் கோப்பாகக் கொடுக்கலாம். ஆனால் அப்போது ஒப்பிடுவதையும் அனுப்புவதையும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். நான் முதல் வழியையே சொல்வேன்.

இரண்டாவது ஆள் வரும்போது பூட்டும் வேண்டும். சர்வரில் 'பூட்டு' என்ற பெயரில் கோப்புறை ஒன்றை உருவாக்க முயலுங்கள். ஏற்கெனவே இருந்தால் உருவாகாது என்பதே பூட்டு. இணைப்பு அறுந்தால் பூட்டு அப்படியே கிடக்கும் என்பதால், யார், எப்போது போட்டது என்று உள்ளே எழுதி வையுங்கள். அரைமணிக்கு மேல் பழையதென்றால் கேட்டுவிட்டு உடைக்கலாம். எஸ்எஸ்எச் சாவி ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கட்டும். அந்தக் கணக்குக்கு வெளியீட்டுக் கோப்புறையைத் தவிர வேறெதையும் தொடும் உரிமை வேண்டாம். தளக் கோப்புகளின் மாற்றங்களைக் காக்கும் கிட் களஞ்சியத்துக்குள் சாவியை ஒருபோதும் வைத்துவிடாதீர்கள்.

பின்னாளில் சர்வரை விட்டுவிட்டு மேகச் சேமிப்பகத்துக்கு மாறினால், அங்கே கைகாட்டி இல்லை, கோப்புறையைப் பெயர் மாற்றவும் பொதுவாக வழியில்லை. வரிசை ஒன்றே பாதுகாப்பு: கைரேகைப் பெயருள்ள கோப்புகள் முதலில், உள்பக்கங்கள் அடுத்து, முகப்பு அதன் பிறகு, அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒவ்வொரு எழுத்துக் கோப்புக்கும் அதன் வகையோடு யுடிஎஃப்-8 என்பதையும் சொல்லி ஏற்றுங்கள்; சொல்லாவிட்டால், வெறும் உரைக் கோப்பாக வைத்த விலைப் பட்டியல் சில உலாவிகளில் கிறுக்கலாகத் தெரியும்.

எழுதி முடித்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை இது. பெரிய படங்கள் சிலவற்றைச் சேர்த்து 'ஏற்று' கொடுங்கள். பாதி போகும்போது வைஃபையை அணையுங்கள். செல்போனில் தளத்தைத் திறந்து, பழைய விலை முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். கருவி 45 நொடியில் விழித்துக்கொள்கிறதா, வைஃபை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று கவனியுங்கள். பிறகு அதையே, கைகாட்டி திரும்பும் நொடிக்குச் சற்று முன்பாகவும் சற்றுப் பின்பாகவும் கருவியைக் கொன்று பாருங்கள். அதற்காகவே அந்த இடத்தில் பத்து நொடி காத்திருக்கும் சோதனைத் தெரிவு ஒன்றை நான் என் கருவியில் விட்டு வைத்திருக்கிறேன், இன்றுவரை எடுக்கவில்லை.